மாடியில் இருபத்து நான்கு உபயங்கள்

இருபத்து நான்கு பிணங்கள் ஒரே மாடியில் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டதும் ரேணுகாம்பாளுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. போனை வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு குதி குதித்தாள்.

செத்துப்போன சோலார் பேனல்களை அவள் பிணம் என்றுதான் சொல்வாள். வேங்கிக்கால் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி. அதன் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் மூன்று வருஷமாக ஒரு சூளை கட்டிக்கொண்டிருந்தாள். பேனல் என்பது கண்ணாடியையும் மின்சாரம் தரும் சில்லுகளையும் பின்தாளையும் பசை போட்டு ஒட்டிய ஒரு கட்டு. இருபத்தைந்து வருஷம் வெயிலில் கிடந்தாலும் பிரியக் கூடாது என்று ஒட்டியது, செத்த பிறகும் பிரிய மாட்டேன் என்கிறது. ரேணுகாம்பாளின் சூளை அந்தப் பசையை மட்டும் பக்குவமாக இளக்கும். கண்ணாடி தனியாக, சில்லு தனியாக, அதிலிருக்கும் வெள்ளி தனியாக வந்துவிடும். அவற்றை வைத்துப் பழையதைவிட நல்ல பேனல் செய்யலாம்.

சூளை தயார். உள்ளே போடத்தான் ஒன்றுமில்லை. காயலான் கடைக்காரர்கள் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு மீதியைக் குப்பையில் வீசிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து விஸ்வநாத் என்ற அதிகாரி வருகிறார். அவர் கண் முன்னால் பத்து பேனல்களையாவது பிரித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. கொட்டகை பேராசிரியர்களின் பைக் நிறுத்தும் இடம். கல்லூரி முதல்வர் இப்போதே டேப்போடு வந்து இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இன்று புதன்கிழமை.

போனில் பேசியவர் தசரதன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருக்கும் ஓர் அன்னதான மடத்தின் மேனேஜர்.

"இருபத்து நாலும் செத்துப் போச்சுங்க மேடம். வெச்சு ரெண்டு வருசம்கூட ஆவல. நீங்க வந்து பாத்து, செத்துப் போச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கினு போயிடுங்க."

ஆய்வுக்கூட உதவியாளர் வேணு வேனை எடுத்தார். ஐம்பது வயது மனிதர். எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை என்று எப்போதோ முடிவு செய்துகொண்டவர்.

மடத்துக்குள் நுழைந்ததும் ஒன்று தெரிந்தது. அங்கே பேர் எழுதாத பொருளே கிடையாது. சாப்பாட்டுத் தட்டில் பேர், சாம்பார் வாளியில் பேர், தண்ணீர் டிரம்மில் பேர். கடிகாரத்தில் முள்ளை மறைத்துக்கொண்டு ஒரு குடும்பமே இருந்தது. கூடத்தில் இறக்கையே இல்லாத ஒரு மின்விசிறி தொங்கியது.

"இது எதுக்குங்க?" என்றாள் ரேணுகாம்பாள்.

"உபயமா வந்த பொருளுக்கு உசுரு இருக்கற வரைக்கும் கீழ எறக்கக் கூடாது, மேடம். மடத்து வழக்கம். இதுக்கு மோட்டார் மட்டும் இன்னும் சுத்துது."

மாடிக்கு ஏறியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே மலை. நடுவில் இருபத்து நான்கு பேனல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வெள்ளை எனாமல் பெயிண்ட்.

'உபயம்: கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் மணிவேல், அவரது தாயார், தகப்பனார், மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் மற்றும் வகையறா.'

அடுத்ததில் இதைவிடப் பெரிய எழுத்து. 'உபயம்: உரக்கடை அருணாதேவி.' அதைச் சுற்றிப் பூ பார்டர், இரண்டு மயில்.

ரேணுகாம்பாள் வேணுவைப் பார்த்தாள். வேணு மலையைப் பார்த்தார்.

"இத யாருங்க எழுதனது?"

"நம்ம ஆளுதான், சைன்போர்டு எழுதறவன். நல்லா எழுதுவான்," என்றார் தசரதன் பெருமையாக. "மொதல்ல மூலையில சின்னதாதான் எழுதனோம். மணிவேலு கொஞ்சம் பெருசா எழுதச் சொன்னாரு. அத்தப் பாத்துட்டு அருணாதேவியம்மா அத்தவிடப் பெருசா. அப்புறம் கல்யாண நாளு, காதுகுத்து, ஒண்ணொண்ணா ஏத்தினே வந்தோம். கரண்டும் கொஞ்சம் கொஞ்சமா கம்மியாயி, எட்டு மாசமா மைக் செட்டு சுத்தமா ஓடல. சோலாருல மைக் செட்டு மட்டும்தான் ஓடணும்னு உபயதாரருங்க எழுதிக் குடுத்துட்டாங்க."

"வானத்தப் பாத்து எழுதி வெச்சிருக்கீங்களே, யாரு படிப்பாங்க?"

தசரதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுர்க்க மலை இருக்குது மேடம். அவரு படிக்க மாட்டாரா?"

ரேணுகாம்பாள் பையிலிருந்து பிளேடை எடுத்து, ஒரு பேனலின் ஓரத்தில் பேத்தி ஒருத்தியின் பேரைப் பாதி சுரண்டினாள். மீட்டரை வைத்தாள். முள் துள்ளியது. தாத்தா பேரையும் சுரண்டினாள். இன்னும் துள்ளியது.

எதுவும் சாகவில்லை. இருபத்து நான்கும் நல்ல உயிரோடு, கண்ணைக் கட்டிவிட்ட மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தன.

"மேடம், பேசாம கையெழுத்து போட்டு ஏத்திடலாம்," என்றார் வேணு தாழ்ந்த குரலில். "அவங்களே செத்துப் போச்சுன்றாங்க. நடுவுல நமக்கின்னா வந்துச்சு?"

"செத்ததத்தான் சூளையில போடுவேன்னு எழுதிக் குடுத்திருக்கேன், வேணு அண்ணா."

"அதுங்க என்ன எழுந்து வந்து சாட்சியா சொல்லப் போவுது?"

சொல்லாதுதான். வீடு திரும்பியும் ரேணுகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. குப்பையைக் குறைக்கக் கட்டிய சூளையில் நல்ல பேனலைப் போட்டு எரித்தால், நோயாளியைக் கொன்று வியாதியை ஒழித்த கதையாகிவிடும். போடாவிட்டால் பைக் ஸ்டாண்டு.

வியாழக்கிழமை காலை அவள் மறுபடியும் மடத்துக்குப் போனபோது உபயதாரர்கள் மொத்தமும் கூடத்தில் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் மணிவேல். பக்கத்தில், ஆனால் பக்கத்தில் இல்லாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அருணாதேவி. எல்லாரும் குஷியாக இருந்தார்கள். துக்க வீட்டில் பாகம் பிரிக்கப் போகிற பங்காளிகள் அப்படித்தான் இருப்பார்கள்.

"வாங்க டாக்டரம்மா," என்றார் மணிவேல். பி.எச்டி. வாங்கியவள் சாவுக்கும் சர்டிபிகேட் தரலாம் என்பது அவர் எண்ணம். "சட்டுனு கையெழுத்து போடுங்க. பழசு எறங்குனாத்தான் புதுசு ஏத்த முடியும். இந்த வாட்டி பேனலு பெருசு, எழுத எடமும் ஜாஸ்தி."

"அதுல என் குடும்ப போட்டோ போடலாமான்னு கேட்டிருக்கேன்," என்றாள் அருணாதேவி யாரையும் பார்க்காமல்.

ரேணுகாம்பாள் தொண்டையைக் கனைத்தாள். "பேனல் எதுவும் சாவலைங்க. மேல எழுதியிருக்கற பேருதான் வெயில மறைக்குது. பேர அழிச்சிட்டா எல்லாம் ஓடும்."

மணிவேல் தோள் துண்டை உதறினார்.

"பேர அழிக்கறதா?" என்றார் மணிவேல். "என் அப்பா பேர உங்கப்பா பேரு மாதிரி நெனச்சுக்கினியா?"

"இத்தனை பேருக்கும் தெரியாதது ஒனக்கு ஒருத்திக்கு தெரிஞ்சிடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஒத்தக் கையெழுத்துக்கு இவ்ளோ பிகுவா!"

"ஒரு பேனல் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. அழிச்சுக் காட்றேன்," என்றாள் ரேணுகாம்பாள்.

மணிவேல் சிரித்தார். "பக்கத்துல மயிலு போட்டவங்க குடுக்கலாமே. தைரியம் இருந்தா!"

அருணாதேவி வெடுக்கென்று எழுந்தாள். "என் பேரு இன்னா சுவத்துல ஒட்டுன போஸ்டரா, அழிஞ்சா போறதுக்கு? இந்தா பொண்ணே, என்னுத அழி. ஆனா ஒண்ணு. ஓடலைன்னு வெச்சுக்கோ, இருபத்து நாலுக்கும் கையெழுத்து போட்டுட்டுத்தான் இந்த வாசல்படி தாண்டணும். சரியா?"

ரேணுகாம்பாள் கணக்குப் போட்டாள். ஓடினால் அவளுக்குப் பேனல் இல்லை. ஓடாவிட்டால் இருபத்து நான்கு பேனல். தான் தோற்க வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொள்ளும் ஒரு பந்தயத்தில், தோற்றால் தனக்கும் லாபம்தான் என்று தெரிந்தே இறங்குகிறவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

"சரிங்க," என்றாள்.

மாடியில் தின்னரும் பஞ்சும் வைத்துக்கொண்டு பொறுமையாகத் துடைத்தாள். மயில்கள் கரைந்தன. பூ பார்டர் வழிந்தது. கடைசியாக 'அருணாதேவி' போனபோது அருணாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடி பளபளவென்று நீலமாக விழித்தது. வேணு அந்த ஒரு பேனலை மட்டும் தனியாகப் பிரித்து, கொண்டுவந்திருந்த சின்ன இன்வெர்ட்டரில் மாட்டி, மைக் செட்டுக்குக் கொடுத்தார்.

எட்டு மாசமாக ஊமையாகக் கிடந்த கூம்பு ஸ்பீக்கர் கரகரத்தது. மலையில் மோதித் திரும்பும் சத்தத்தில் முழங்கியது:

"பக்தகோடிகளின் மேலான கவனத்திற்கு! இம்மடத்திற்கு மின்சாரம் உபயம் செய்தவர்கள் – திருமதி அருணாதேவி அவர்கள்!"

அவ்வளவுதான். சூரியனை ஒரு மேகம் மறைத்தது. ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

ரேணுகாம்பாள் அவசரமாகச் சொன்னாள்: "மேகம்ங்க. அது ரெக்கார்டு பண்ண லிஸ்ட். அகர வரிசையில மொதல்ல இவங்க பேரு. வெயில் வந்தா மத்தவங்க பேரும்..."

யார் காதிலும் விழவில்லை. உபயதாரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருணாதேவியின் பேனல் அருணாதேவியின் பேரைச் சொல்லியிருக்கிறது. வேறு யார் பேரையும் சொல்லவில்லை. கிரிவலம் போகிற சனம் பாதையிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டது. எழுதி வைத்தால் மலை மட்டும் படிக்கும். அழித்தால் ஊரே கேட்கும்!

அருணாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணிவேலை அன்று முதல்தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "கேட்டுதா?"

மணிவேலின் முகம் வெந்த கத்தரிக்காயானது. "டாக்டரம்மா, என்னுதயும் துடைங்க. இப்பவே."

"தின்னர் தீந்துபோச்சுங்க. வேணு அண்ணன் டவுனுக்குப் போயி வாங்கினு வருவாரு. அது வரைக்கும் யாரும் தொடாதீங்க. கண்ணாடி கொதிக்குது. இரும்பு பட்டா மொத்தமா நொறுங்கிடும்."

வேணு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தசரதன் ரேணுகாம்பாளைக் கையைப் பிடிக்காத குறையாகக் கீழே இழுத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். இலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் ஊற்றினார்கள். அவள் முதல் கவளத்தை எடுத்தபோது மேலே 'டொம்' என்று ஒரு சத்தம்.

"இன்னாங்க அது?"

"கொரங்கா இருக்கும். சாப்புடுங்க."

மறுபடியும் ஒரு 'டொம்'. பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்: "யாருய்யா தோசைத்திருப்பி எல்லாத்தையும் எடுத்துக்கினு போனது?"

ரேணுகாம்பாள் எழப் போனாள். தசரதன் பதறிவிட்டார். "பந்தி நடுவுல எழுந்திரிக்கக் கூடாது மேடம்! இன்னிக்கி உபயம் பண்ணவங்களுக்கு ஆவாது. ரசம், மோரு, பாயசம், அப்புறம் எல்லாரும் ஒண்ணா எழுந்திரிக்கணும்."

மூன்று. நான்கு. ரசம் வந்தது. முதல் கண்ணாடி நொறுங்கியதைப் பார்த்த பிறகும் எப்படித் தொடர்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மேலிருந்து மணிவேலின் புலம்பலும் அதற்கு இன்னொருவரின் பதிலும் கேட்டன. "ஒன் கண்ணாடி ஒடைஞ்சுதுன்னா, நீ மனசார குடுக்கல. நான் மனசார குடுத்தேன், என்னுது ஒடையாது." 'டொம்.'

ஐந்து. ஆறு. அவரவர் மனசு எவ்வளவு சுத்தம் என்று அவரவர் தோசைத்திருப்பியால் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு. மோர் வந்தது. எட்டு.

ஒன்பது.

பிறகு சத்தமில்லை. ரேணுகாம்பாள் கையில் சோற்றோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேலே எல்லாரும் நிறுத்திவிட்டார்களா? வேணு வந்துவிட்டாரா? ஒன்பதோடு நின்றுவிட்டதா? இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று...

சட்டென்று தன் எண்ணம் தனக்கே உறைத்தது. பத்தாவது கண்ணாடி உடைவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று முழுக்க ஒரு பேனலும் சாகக் கூடாது என்று சோறு இறங்காமல் கிடந்தவள், இன்று மோர்ச்சோற்றுக்கு நடுவில் சாவை எண்ணிக்கொண்டிருக்கிறாள். முகம் சுட்டது. இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"மேடம்! பாயசம்!"

"இன்னிக்கி உபயம் யாரோ, அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்!"

இரண்டிரண்டு படியாக ஏறினாள். பாதிப் படியில் பத்து கேட்டது. மாடிக் கதவைத் தள்ளும்போது பதினொன்று.

"நிறுத்துங்க! எல்லாத்தையும் கீழ போடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ஒரு டஜன் தோசைத்திருப்பிகள் தரையில் விழுந்தன. பதினொரு பேனல்களின் கண்ணாடியும் சிலந்தி வலையாகிவிட்டது. பசை பிடித்துக்கொண்டிருந்ததால் ஒரு துண்டுகூடக் கீழே உதிரவில்லை. ஆனால் வெயிலில் அத்தனையும் சர்க்கரைப் பாகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. மணிவேல் தன்னுடையதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பேர் மட்டும் இன்னும் அழியவில்லை.

ரேணுகாம்பாள் மீட்டரை வைத்தாள். ஒவ்வொன்றாக, பதினொன்றிலும். உள்ளே சில்லுகள் கீறிப் போயிருந்தன. முள் எதிலும் அசையவில்லை.

"செத்துப் போச்சா?" என்றார் மணிவேல்.

"ஆமாங்க. இப்ப நெஜமாவே போயிடுச்சு."

"நான் மனசாரத்தான் குடுத்தேன் பொண்ணே."

"தெரியுங்க. இது மனசுனால இல்ல. இரும்புனால." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேரு அழியாத மிச்சம் பன்னெண்டையும் நான் துடைச்சுக் குடுக்கறேன். அப்ப லிஸ்டு முழுக்க ஓடும். உங்க பேரும் வரும்."

மணிவேல் நம்பவில்லை. சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் ஸ்பீக்கர் பட்டியலை முழுக்க முழங்கி, 'ரைஸ்மில் மணிவேல் மற்றும் வகையறா' என்று சொன்னபோதுதான் நம்பினார். அதற்குப் பிறகும், செத்தவன் பேரைச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விஸ்வநாத் கொட்டகைக்குள் நுழைந்தார். கண்ணாடி போட்ட, சிரிப்பதற்கு நேரமில்லாத மனிதர். உள்ளே சூளைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து பேர் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க எல்லாம் யாரு?"

"பேனலோட வீட்டுக்காரங்க சார்," என்றார் வேணு.

விஸ்வநாத் பதிவேட்டைப் புரட்டினார். பேனல் ஒன்று முதல் பதினொன்று வரை செயலிழந்த காரணம் என்ற இடத்தில் ரேணுகாம்பாள் ஒளிக்காமல் எழுதியிருந்தாள்.

"தோசைத்திருப்பி?" என்றார். "இது டெக்னிகல் வார்த்தையா?"

"இல்ல சார். தோசைத்திருப்பிதான்."

"பதினொண்ணும்?"

"பதினொண்ணும் சார். அதுக்கு முந்தின நாள் எல்லாமே நல்லா இருந்துச்சு. அதையும் எழுதியிருக்கேன். மேல பேரு எழுதினதால மறைஞ்சிருந்துச்சு. மிச்சம் பதிமூணு இப்பவும் மடத்துல ஓடுது. நான் பந்தியிலேருந்து சீக்கிரம் எழுந்திருந்தா இன்னும் நாலஞ்சு பொழைச்சிருக்கும். அத எழுத எடமில்ல."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். வாசலில் டேப்போடு நின்றிருந்த கல்லூரி முதல்வர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அடுப்ப மூட்டுங்க," என்றார் விஸ்வநாத்.

முதல் பேனல் உள்ளே போனது. மணிவேல் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். வேறு வழியில்லாமல் விஸ்வநாத்தும் எழுந்தார். சூளை முனகியது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து தட்டை இழுத்தபோது, நொறுங்கிய கண்ணாடி கற்கண்டு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தது. கீழே கருநீலச் சில்லுகள் துண்டு துண்டாக, ஆனால் பசை ஒட்டு இல்லாமல் சுத்தமாகக் கிடந்தன. ரேணுகாம்பாள் இடுக்கியால் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். அதன் முதுகில் ரோமம் போல வெள்ளிக் கோடு.

"இவ்ளோ நாளும் இதுக்கு மேலயா என் பேரு இருந்துச்சு?" என்று மணிவேல் கிட்டே வந்து பார்த்தார். "நகை மாதிரி இருக்குதே. இத்தப் போயி மூடி வெச்சேனே."

பதினொன்றும் முடிய சாயங்காலமாகிவிட்டது. விஸ்வநாத் கடைசித் தட்டு வரைக்கும் நின்றார். எடை பார்த்தார், குறித்தார், சில்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கடைசியில் பேனாவைத் திறந்து, திட்டத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல்வர் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்தே இந்த ஆராய்ச்சியில் தனக்கு நம்பிக்கை இருந்தது என்றார்.

ரேணுகாம்பாளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சிரித்துவைத்தாள்.

"அடுத்த வருஷம் முப்பது பேனல் வேணும்னு போட்டிருக்கீங்க," என்றார் விஸ்வநாத், பேனாவை மூடிக்கொண்டே. "அவ்வளவு எங்கிருந்து வரும்?"

யோசிக்கவே இல்லை, அவள் தலை தானாக நாற்காலிகள் பக்கம் திரும்பியது. அருணாதேவி மீது பார்வை போய் நின்றது.

அருணாதேவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விருட்டென்று எழுந்தாள்.

"இன்னா பொண்ணே அப்படிப் பாக்கற? எங்களுது நல்லா ஓடினு இருக்குது. கண்ணு வெக்காத!"